அது திருட்டு முழி அல்ல

செருப்பைக் கடித்துக் குதறிய நாய், வீட்டுக்காரர் உள்ளே வந்ததும் தலையைத் தாழ்த்திக் காதுகளைப் பின்னுக்கு மடித்து ஓரக்கண்ணால் பார்க்கிறது. "செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது பாருங்க" என்பார்கள். நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் சோதித்தார். தின்பண்டத்தைத் தொடக்கூடாது என்று நாயிடம் சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போக வேண்டும். நாய் தின்றதா இல்லையா என்று அவருக்குச் சொல்பவர் ஆய்வாளர். சில முறை வேண்டுமென்றே பொய் சொன்னார். 14 நாய்களிடம் நடந்த சோதனையில், தின்ற நாயும் தின்னாத நாயும் ஒரே முகத்தைத்தான் காட்டின. திட்டு விழுந்தால் அந்த முகம் வந்தது. ஒரு பாவமும் அறியாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது.

குற்ற உணர்வு என்று நாம் எடுத்துக்கொள்வது, கோபக் குரலுக்கு நாய் காட்டும் அச்சமும் பணிவும்தான்.

நாயின் பயம் வாலை இடுக்கிக்கொண்டு ஓடுவதில் தொடங்குவதில்லை. அதற்கு வெகு முன்பே சின்னச் சின்ன அடையாளங்கள் வந்துவிடும். பக்கத்தில் சாப்பாடே இல்லாதபோது உதட்டை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, விழியின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். வெயில் இல்லாமலே மூச்சிரைக்கும். பிடித்த பிஸ்கட்டைக்கூடத் தொடாது. குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் புகைப்படங்களைக் கூர்ந்து பாருங்கள். பலவற்றில் நாய் இப்படித்தான் இருக்கும். இந்த அடையாளங்கள் யார் கண்ணிலும் படாதபோதுதான் உறுமல் வருகிறது. உறுமியதற்காக அடிப்பதைப் போன்ற தவறு வேறில்லை. பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் நின்றுபோகும்; அடுத்த முறை நேராகக் கடிதான்.

வாலாட்டினால் மகிழ்ச்சி என்பதும் முழு உண்மையல்ல. 30 நாய்களைப் படமெடுத்து ஆராய்ந்த இத்தாலிய ஆய்வாளர்கள், வளர்ப்பவரைக் கண்டால் வால் நாயின் வலப்பக்கமாகவும், முரட்டு அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கமாகவும் கூடுதலாக அசைவதை 2007இல் கண்டார்கள்.

பூனை விஷயம் இன்னும் சிக்கல். முதுகை வளைத்து, மயிர் சிலிர்த்துச் சீறும் பூனையை யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். மருத்துவமனை மேசையில் அசையாமல் கிடக்கும் பூனையைத்தான் "சமத்து" என்று மெச்சுகிறோம். பயத்தில் அது உறைந்துபோயிருக்கலாம். கால்கள் நான்கும் உடலுக்கடியில், வால் உடலை ஒட்டி, காதுகள் பக்கவாட்டில் தட்டையாக, கண்மணிகள் அகல விரிந்து. குர்ர் ஒலியையும் நம்ப முடியாது, வலியிலும் பதற்றத்திலும்கூடப் பூனை அப்படி ஒலி எழுப்பும். மண் தட்டை விட்டுக் கட்டிலில் சிறுநீர் கழிப்பதைப் பழிவாங்கல் என்பார்கள். பதற்றமோ சிறுநீர்ப்பை நோயோதான் பெரும்பாலும் காரணம். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

பயந்த பூனைக்கு வேண்டியது ஒளிந்துகொள்ள ஓரிடம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒரு பகுதிக்கு மட்டும் பெட்டி வைத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை சில நாட்களிலேயே தெளிந்தன, மற்றவை பின்தங்கின. ஒரு வெற்று அட்டைப்பெட்டி போதும், செலவே இல்லை.

நாய்களை அதிகம் வாட்டுவது ஓசை. ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வில் இடம்பெற்ற சுமார் 13,700 நாய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு இடி, வெடி போன்ற சத்தங்கள் ஆகவில்லை. தமிழ்நாட்டில் தீபாவளிப் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் வகுத்திருந்தாலும் வெடிச்சத்தம் அதற்குள் அடங்குவதில்லை. தெருநாய்க்கு ஒதுங்க அறையும் இல்லை.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்ற நம்பிக்கையைக் கைவிடலாம். குளியலறை மூலையில் ஒண்டியிருந்தால் இழுத்து வெளியே விடாதீர்கள், கூடப்போய் உட்காருங்கள். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் உடனே தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்துப் பழக்கியது பலன் தந்ததாக, ஆய்வாளர் ஸ்டெஃபனி ரீமர் சுவிட்சர்லாந்தில் இருந்தபோது நடத்திய ஆய்வில் அம்முறையைக் கையாண்ட வளர்ப்பவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானோர் சொன்னார்கள். பயம் கடுமையென்றால் பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்பே கால்நடை மருத்துவரைப் பார்த்து மருந்து கேளுங்கள். வீட்டிலிருக்கும் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து.