வெற்றிடமும் ஓர் எழுத்தே

தென்காசி விசுவநாதர் ஆலயத்துக் கல்வெட்டுக்களைப் பொறித்தோர் சொற்களுக்கிடையே இடம் விட்டெழுதினாரல்லர், ஏடெழுதினோரும் அவ்வாறே. அச்சுப் பரவிய பின்னரே இடம்விட்டெழுதல் நம்மிடை வழக்காயிற்று. கணிப்பொறிக்கோ அவ்வெற்றிடமும் ஓர் எழுத்தாகும். ‘தென்காசி’ என்பதும், ஈற்றில் வெற்றிடம் ஒட்டிய ‘தென்காசி ’ என்பதும் நம் கண்ணுக்கு ஒன்று. அதற்கோ வெவ்வேறு ஊர்கள். இதனால் உதவித்தொகைப் பட்டியலில் ஓர் ஏழை மாணாக்கன் பெயர் பொருந்தாதொழிதலுங் கூடும்.

பைத்தான் மொழியில் ‘ஸ்ட்ரிப்’ என்னும் ஏவல், தொடரின் ஈரோரங்களிலுமுள்ள வெற்றிடத்தையும் வரிமுடிவுக் குறியையும் களையும். ஆயின் பழைய தொடர் மாறாது. களைந்து பெற்ற புதியதொன்றே நமக்குக் கிடைக்கும். அதனை ஒரு பெயரில் ஏற்றி வைத்தல் வேண்டும். மாணாக்கர் மறப்பது பெரும்பாலும் இதனையே.

நடுவிலுள்ள இடத்தை அது தீண்டாது. ‘ரிப்ளேஸ்’ என்னும் ஏவலால் அதனையும் அடியோடு ஒழிப்போமாயின் ‘பழைய குற்றாலம்’ ‘பழையகுற்றாலம்’ ஆகிவிடும். அருவியைத் தேடுவோர் அதனைக் காணார். நடுவே வெற்றிடம் மிகுந்திருப்பின், ‘ஸ்ப்ளிட்’ ஏவலாற் சொற்களைப் பிரித்து, ஒற்றை இடம் வைத்து ‘ஜாயின்’ ஏவலாற் கோத்தலே தக்கது என்பது எம் துணிபு.

யூனிகோடில் அகலமில்லா வெற்றிடம் என ஒன்றுண்டு. கண்ணுக்குத் தோன்றாது, ‘ஸ்ட்ரிப்’புக்கும் அகப்படாது, அதனைச் சுட்டியே நீக்கல் வேண்டும். அதற்கு இனமாகிய அகலமில்லாப் பிரிப்பானோ, ககர மெய்யும் ஷகரமும் கூட்டெழுத்தாய் இணையாதிருக்க வேண்டுமென்றே இடப்படுவதும் உண்டு. அதனைத் துடைத்தால் எழுத்தின் வடிவே திரியும்.