முடியிழந்த இளவரசர் கேட்கும் சனநாயகம்

நாட்டை இழந்த அரச குடும்பத்தவர் முடியைத் திருப்பிக் கேட்பதைத்தான் நாம் வரலாற்றில் அதிகம் படித்திருக்கிறோம். ஈரானின் கடைசி மன்னருடைய மூத்த மகன் ரெசா பஹ்லவி கேட்பது ஒரு சர்வஜன வாக்கெடுப்பு. முடியாட்சியா, குடியரசா என்பதை மக்களே தீர்மானிக்கட்டும் என்று அவர் பல வருடங்களாகக் கூறி வந்துள்ளார்.

1960இல் தெஹ்ரானில் பிறந்தவர். 1978இல் விமானப் பயிற்சிக்காக அமெரிக்கா சென்றார். 1979 புரட்சியில் தந்தையின் ஆட்சி கவிழ்ந்தது. பயிற்சிக்குப் போன பிள்ளைக்குத் திரும்பி வர வீடில்லாமற் போயிற்று. தந்தை 1980இல் கெய்ரோவில் இறந்தார். தங்கை லைலா 2001இலும், தம்பி அலி ரெசா 2011இலும் அந்நிய மண்ணிலேயே இறந்தனர். அரண்மனையில் வாழ்ந்தவரென்றாலும், இரு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் ஃபராவின் துயரம் இடம்பெயர்ந்து வாழ்ந்த எனக்கு விளங்குகிறது.

ஆனால் அனுதாபத்தோடு நிறுத்திவிட முடியாது. தந்தையின் காலத்தில் 'சாவாக்' என்ற இரகசியப் பொலிஸ் எதிர்த்தவர்களைச் சிறையிலிட்டுச் சித்திரவதை செய்தது. 1975இல் ஒரே கட்சி மட்டும் என்றாக்கினார்கள். இவற்றை மகன் போதியளவு கண்டிக்கவில்லை என்ற மனக்குறை ஈரானியர் பலரிடம் உண்டு. அது நியாயமான குறைதான்.

பெண்களின் கதையைப் பாருங்கள். பாட்டனார் 1936இல் முக்காட்டைத் தடை செய்தார். பொலிசார் வீதியிலே பெண்களின் முக்காட்டைப் பறித்தார்கள். தந்தை 1963இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கினார். கணவன் நினைத்தபடி மனைவியைத் தள்ளிவைப்பதை 1967இன் குடும்பப் பாதுகாப்புச் சட்டம் நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்தது. புரட்சி முடிந்து சில வாரங்களிலேயே அந்தச் சட்டம் நிறுத்தப்பட்டது. முக்காடு கட்டாயம் என்ற பேச்சு எழுந்ததும், 1979 மார்ச் 8ஆம் திகதி ஆயிரக்கணக்கான பெண்கள் தெஹ்ரான் வீதிகளில் இறங்கினார்கள். கழற்று என்றவர்களும் ஆண்கள், போடு என்றவர்களும் ஆண்கள். அரசர் கையால் வந்த உரிமை என்பதாலேயே அதைப் பறிப்பதும் இலகுவாயிற்று என்று நினைக்கிறேன்.

2022 செப்டெம்பரில், முக்காட்டை ஒழுங்காக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட 22 வயது மாசா அமினி உயிரிழந்தார். 'பெண், வாழ்வு, விடுதலை' என்று எழுந்தவர்கள் அந்தப் பெண்களின் பேத்திமார். இளவரசர் வெளிநாட்டிலிருந்து ஆதரவு தெரிவித்தார். போராட்டத்தைத் தொடக்கியவர் அவரல்லர்.

அவருக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். மன்னராட்சிக் கால அரசியலமைப்பில் முடி ஆண் வாரிசுக்கே உரியது. ஆகவே அவர் வாக்கெடுப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அதன் பின் எழுதப்படும் அரசியலமைப்பில் பெண்களுக்கு என்ன இடம் என்று சொல்கிறாரா என்பதையே நான் முதலில் தேடுகிறேன்.