விற்பனைக்கூடங்களில் தொடுதிரைப் பலகை அமைக்கும் முறை

குறிஞ்சிப்பாடி வட்டாரத்துக் குடியானவர் ஒருவர் தம் மணிலாக்கொட்டையை மூட்டைகட்டி வண்டியிலேற்றிக் கொண்டுவரும்போது, அன்றைய விலை இன்னதென்று அறியாமல் வருவாராயின், பேரத்தில் அவர் கை தாழ்ந்தே நிற்கும். இக்குறையை நீக்கும் நோக்கத்துடன் 1933-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் வர்த்தகப் பயிர்கள் விற்பனைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி எழுந்த ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விலையைப் பலகையில் எழுதிக் காட்டுவது வழக்கமாயிற்று. ஆனால் எழுதிய பலகை, கேட்ட கேள்விக்கு மறுமொழி கூறாது. விரலால் தொட்டவுடன் வேண்டிய விவரத்தைத் தரும் தொடுதிரைப் பலகையோ அதனைச் செய்ய வல்லது. எனினும், வாங்கி நிறுத்துவதனால் மட்டும் அது பயன் தந்துவிடாது. அங்கு வந்து நிற்பவருக்கு ஏற்றவாறு அமைத்தாலன்றி வீண் செலவேயாகும்.

இதற்கு நம் அண்டையிலேயே ஒரு திருஷ்டாந்தம் உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில், வில்லியனூரைத் தலைமையிடமாகக் கொண்டு, கணினி அறிவு மையங்களை நிறுவினர். வீராம்பட்டினத்து மீனவர்க்குக் கடலலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்புக் கணினி மூலம் கிடைத்தது. ஆனால் அது திரையோடு நின்றுவிடாமல், ஒலிபெருக்கி வாயிலாக ஊர் முழுவதற்கும் சொல்லப்பட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் கிடைத்த எச்சரிக்கையை நல்லவாடு கிராமத்தார் தங்கள் மையத்தின் ஒலிபெருக்கியில் முழக்கினர். ஏறத்தாழ 3,600 மக்கள் உயிர் தப்பினர். கருவி பொது இடத்தில் இருந்ததும், அதன் குரல் எல்லோர் செவிக்கும் எட்டியதுமே அங்குப் பயன் தந்தன. 2011 டிசம்பரில் தானே புயலையும், 2015 நவம்பரில் பெருவெள்ளத்தையும் கண்ட கடலூர் ஜில்லாவுக்கு இப்பாடம் மிகவும் பொருந்தும்.

பலகை அமைப்போர் கவனிக்கவேண்டியவை பின்வருமாறு:

இடம்.- மூட்டை இறக்குமிடத்திற்கும் எடைபோடுமிடத்திற்கும் நடுவே, எல்லோரும் கடந்துசெல்லும் தாழ்வாரமே தக்கது. அதிகாரியின் அறைக்குள் வைத்தால் குடியானவர் நுழையக் கூசுவர். தொடவேண்டிய பகுதிகள் தரையிலிருந்து 4 அடிக்கு மேற்படலாகாது. அப்போதுதான் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் எட்டும்.

திரை.- வீட்டுத் தொலைக்காட்சியின் ஒளி சதுர மீட்டருக்குச் சுமார் 300 காண்டலா. நேர் வெயிலில் அது மங்கித் தோன்றும். ஆகையால் நிழலும், அதனினும் மிகுந்த ஒளியுள்ள திரையும் அவசியம். கைப்பேசித் திரைகள் விரலின் மின்கடத்தும் தன்மையால் இயங்குவன. காய்ப்பேறி உலர்ந்த விரலை அவை சில வேளை உணரா, ஈரம் பட்டால் தாமாகவே மாறும். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களை விரல் மறிப்பதனால் இயங்கும் திரை, உழைத்த கைக்கு ஏற்றது. அதன் விளிம்பில் தூசி படியாமல் நாள்தோறும் துடைக்கவேண்டும்.

எழுத்தும் ஒலியும்.- பத்தடி தூரத்திலிருந்து படிக்க ஓர் அங்குல உயரமுள்ள எழுத்து வேண்டும். தொடும் கட்டங்கள் ஒவ்வொன்றும் கட்டைவிரலினும் அகன்றிருத்தல் நலம். முதல் திரையில் விலை, மழை, விதையிருப்பு, பூச்சிநோய் என நான்கைந்து கட்டங்களே போதும். இரண்டு மூன்று தொடுதலில் விடை கிடைக்கவேண்டும். எழுத்தறியாதார்க்காக ஒவ்வொரு விடையையும் தமிழில் வாய்விட்டுச் சொல்லும் ஏற்பாடு இன்றியமையாதது.

செய்தி.- விலைக்கு அருகில் தேதியும் நேரமும் காட்டப்படவேண்டும். நேற்றைய விலையை இன்றைய விலையென நம்பி விற்றவனுக்கு நேரும் நஷ்டம், விலையே அறியாதவன் நஷ்டத்தினும் கொடிதாகலாம். ஆகவே புதிய விவரம் வராத நாளில் பழைய எண்ணை நீக்கி, ‘இன்றைய விலை இன்னும் வரவில்லை’ என்று காட்டுவதே நேர்மை.

பாதுகாப்பு.- மின்சாரம் நின்றாலும் இயங்க மின்கலம் வேண்டும். புயற்காலத்தில்தான் பலகைக்குத் தேவை மிகுதி. விவரங்களைப் புதுப்பிக்கவும் பழுது பார்க்கவும் இன்னார் பொறுப்பு என்பது முன்னரே தீர்மானிக்கப்படுதல் அவசியம்.

பொருட்செலவு செய்யுமுன் எளிய பரீட்சை ஒன்று உண்டு. திரைகளை அட்டையில் வரைந்து விற்பனைக்கூடத்திற்கு எடுத்துச்சென்று, ஆண், பெண், முதியோர் எனப் பத்துப் பேரிடம் காட்டி, ‘இன்றைய உளுந்து விலையை இதில் எப்படி அறிவீர்கள்?’ என்று கேட்கவேண்டும். எந்த இடத்தில் அவர்கள் விரல் தயங்குகிறதோ அந்த இடத்தைத் திருத்தி வரைந்து மறுபடியும் கேட்கவேண்டும். அட்டையில் திருத்தக் காசு வேண்டியதில்லை; பலகையை நிறுத்தியபின் திருத்துவதோ பெருஞ்செலவு. இம்முறையைக் கைக்கொள்வோர் நிறுவும் பலகை, குடியானவர் தம் விளைபொருளுக்குரிய விலையைக் கேட்டுப் பெறத் துணைநிற்கும்.