ஸ்கேன் டிஸ்க்கை வீட்டு கம்ப்யூட்டரில் பார்ப்பது எப்படி?

சி.டி. ஸ்கேன் எடுத்தால் பெரிய கவரில் ஃபிலிமும், கூடவே ஒரு டிஸ்க்கும் தருவார்கள். ஃபிலிம் டாக்டரிடம் போகும். டிஸ்க் அலமாரியில் கிடக்கும், அல்லது குழந்தைகள் கையில் விளையாட்டுச் சாமானாகிவிடும். ஆனால் டாக்டருக்கு அதிகம் பயன்படுவது அந்த டிஸ்க்தான்.

அயோர்ட்டா எனப்படும் பெருந்தமனி வீங்கியவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். வயிற்றுப் பகுதியில் இந்த ரத்தக்குழாயின் அகலம் சுமார் 2 செ.மீ. 3 செ.மீ. ஆகிவிட்டால் வீக்கம் என்பார்கள். ஆண்களுக்கு 5.5 செ.மீ. வந்தால் பொதுவாக ஆபரேஷன் பற்றி யோசிப்பார்கள். இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. வெடித்தால் உயிருக்கே ஆபத்து. எனவே குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்து, எத்தனை மில்லிமீட்டர் வளர்ந்தது என்று பார்க்கிறார்கள்.

சரி, டிஸ்க்கைத் திறப்போம். லேப்டாப்பில் டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வேண்டும். உள்ளே டைகாம் வகை ஃபைல்கள் இருக்கும். 1993 முதல் இந்தப் பெயரில் வழங்கும் ஃபார்மெட் இது. டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் விழிக்கும். பயப்பட வேண்டாம். மைக்ரோடைகாம் (வீட்டு உபயோகத்துக்கு இலவசம்) அல்லது வீசிஸ் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்து, முழு ஃபோல்டரையும் அதில் திறங்கள். மவுஸ் வீலை உருட்டினால் உடம்பின் குறுக்குவெட்டுகள் ஒவ்வொன்றாக ஓடும்.

எங்கள் காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவை பார்டருக்கு கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக டிசைன் போடுவார்கள். இதுவும் அப்படித்தான். ஒரு படத்தில் பொதுவாக 512 x 512 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு எண். தண்ணீர் 0, காற்று -1000. ஒரு படம் சுமார் அரை எம்பி. ஆயிரம் படம் என்றால் 500 எம்பி!

இந்த எண்கள் கேமராவில் பிடித்தவை அல்ல. பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே அளவுகளிலிருந்து கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவை. அந்தக் கணக்கில் நம்மவர் பங்கும் உண்டு. ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971ல் வெளியிட்ட முறை கணக்கிடும் நேரத்தை வெகுவாகக் குறைத்தது. மேட்லாப் சாஃப்ட்வேரில் இன்றும் 'ராம்-லாக்' ஃபில்டர் என்று இவர்கள் பெயர் இருக்கிறது. இன்னொரு ஆச்சரியம்: தமனிச் சுவருக்கு உறுதி தரும் கொலாஜென் புரதத்தின் மூன்றிழை முறுக்கு வடிவத்தை 1954ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து சொன்னவரும் இதே ராமச்சந்திரன்தான்.

சாஃப்ட்வேரில் அளவுகோல் டூலும் உண்டு. ஆனால் நீங்களே அளந்து முடிவு கட்டாதீர்கள். வாழைத்தண்டை நேராக வெட்டினால் வட்டம். சாய்வாக வெட்டினால் நீள்வட்டம். வளைந்து போகும் தமனியும் அப்படியே, உண்மையைவிட அகலமாகத் தெரியும். எங்கள் தெருவில் தறி நெய்த பெரியவர் ஒருவருக்கு முதல் ரிப்போர்ட்டில் 4.2 செ.மீ., ஆறு மாதம் கழித்து வேறு சென்டரில் 4.5 என்று வந்தது. வீடே கலங்கிவிட்டது. மருமகள் பத்திரமாக வைத்திருந்த பழைய டிஸ்க்கையும் புதியதையும் டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ஒரே இடத்தில் ஒரே முறையில் அளந்தார். வித்தியாசம் 1 மி.மீ. ரிப்போர்ட் தாள் மட்டும் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்கவே முடியாது.

எனவே டிஸ்க் வந்த அன்றே முழு ஃபோல்டரையும் ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து, ஸ்கேன் எடுத்த தேதியையே பெயராக வையுங்கள். லிங்க் அனுப்பினால் உடனே டவுன்லோட் செய்யுங்கள். ஸ்கிரீனை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்த எண்கள் போய்விடும். ஒரிஜினல் ஃபைலுக்குள் நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும் என்பதால் கண்டவர்களுக்கும் காப்பி கொடுக்காதீர்கள்.