கஸ்டெலன் குன்றின் கோபுர வீடு

சுவிட்சர்லாந்தின் லுசேர்ண் மாநிலத்தில், வில்லிசாவ் நகருக்கு அருகிலுள்ள அல்பர்ஸ்வில் என்னும் சிற்றூரில் குன்றின்மேல் சிதைந்து நிற்கும் கஸ்டெலன் கோட்டை, ஐரோப்பிய இடைக்காலத்தின் கோபுர வீடு எத்தகையது என்பதை நேரில் கண்டறிய ஏற்ற சான்றாகும். பிரபு ஒருவர் குடும்பத்தோடும் ஏவலரோடும் வாழ்வதற்கான இல்லமும், பகையைத் தாங்குவதற்கான அரணும் ஒரே கட்டடமாக உயர்ந்து நிற்பதே கோபுர வீடு. இத்தகைய வீடுகளில் கீழ்த்தளச் சுவர்கள் மிகத் தடித்து, பெரிய சாளரங்கள் இன்றி அமைய, அங்கே தானியமும் பிற பொருள்களும் சேமிக்கப்பட்டன. வாயில் பெரும்பாலும் தரைமட்டத்திற்கு மேலே வைக்கப்பட்டமையால், மர ஏணியை எடுத்துவிட்டால் பகைவர் நுழைவது அரிதாயிற்று. கணப்புடன் கூடிய வாழும் அறைகள் அதற்கும் மேலே இருந்தன.

13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கஸ்டெலன் கோபுரத்தை எழுப்பிய கிபுர்க் பிரபு மரபின் ஆண் வழி 1264இல் அற்றுப்போக, அவர்களுடைய உடைமைகளில் பெரும்பகுதி ஹாப்ஸ்பர்க் மரபினரைச் சேர்ந்தது. லுசேர்ண் நகரையும் 1291இல் முர்பாக் மடத்திடமிருந்து அம்மரபினரே விலைக்கு வாங்கினர். ஆயினும் நகரத்தார் 1332இல் ஊரி, ஷ்வீஸ், உன்டர்வால்டன் ஆகிய மலைநாடுகளின் கூட்டணியில் சேர்ந்தமையால், நகரைச் சூழ்ந்த நாட்டுப்புறம் இரு ஆட்சிகள் மோதும் எல்லைப்புறமாக மாறியது. லுசேர்ண் ஏரிக்கரையில் மெக்கனில் இருந்த நொய்ஹாப்ஸ்பர்க் கோட்டை 1352இல் தகர்க்கப்பட்டது. 1386 ஜூலை 9 அன்று செம்பாக் போரில் ஹாப்ஸ்பர்க் மரபினரான ஆஸ்திரியக் கோமகன் மூன்றாம் லியோபோல்டு மாண்டார். 1407இல் வில்லிசாவ் பகுதியை லுசேர்ண் விலைக்கே வாங்கிக்கொண்டது. இவ்வாறு எல்லை விலகிப்போன பின்னர், பிரபுவின் அதிகாரத்தை ஊருக்குக் காட்டுவதற்கென நின்ற கோபுரங்கள் தம் பொருளை இழந்தன.

லுசேர்ண் நகரத்தார் கட்டியவற்றின் கதி வேறு. ஏறத்தாழ 1300இல் ரொய்ஸ் ஆற்றில் எழுந்த எண்கோண வடிவான நீர்க்கோபுரம் கருவூலமாகவும், ஆவணக் காப்பகமாகவும், சிறையாகவும் மாறி மாறிப் பயன்பட்டது. அதனை ஒட்டிய மரப்பாலத்தின் பெரும்பகுதி 1993 ஆகஸ்டில் எரிந்தபோதும் கோபுரம் தப்பியது. நகரின் வடபுறத்து முசெக் மதிலும், ஏறத்தாழ 870 மீட்டர் நீளத்தில் 9 கோபுரங்களோடு இன்றும் நிற்கிறது. ஒரு குடும்பத்தின் பெருமைக்காக எழுந்தது அக்குடும்பத்தின் செல்வாக்கோடு சரிய, ஊர் முழுவதற்கும் பயன்பட்டதை ஊரே பேணிக்கொண்டது என்பதே இவ்விரண்டையும் ஒப்பிடுவோர்க்குப் புலப்படும் உண்மை.

கஸ்டெலனின் எஞ்சிய சுவர்கள் அண்மைக்காலத்தில் செம்மையாக்கப்பட்டு, உச்சிவரை ஏறிச்செல்ல உள்ளே படிக்கட்டும் அமைக்கப்பட்டுள்ளது. லுசேர்ணுக்குச் செல்லும் தமிழர்கள் மரப்பாலத்தோடு திரும்பிவிடாமல், அல்பர்ஸ்வில் குன்றிற்கும் ஒருமுறை சென்று வர வேண்டும்.