மண்ணின் குடிகளும் மண்ணின் குணமும்

2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தின் பயனாக, நம் வாடிக்கையாளர்களான உழவர் பலரிடம் இன்று அந்த அட்டை இருக்கிறது. தழை, மணி, சாம்பல், கந்தகச் சத்துகள், நுண்ணூட்டங்கள் ஐந்து, கார அமில நிலை, மின்கடத்து திறன், அங்ககக் கரிமம் என அதில் பன்னிரண்டு அளவீடுகள் உள்ளன. மண்ணில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆயினும், கார அமில நிலையும் அங்ககக் கரிமமும் மறைமுகமாக அவற்றையே சுட்டுகின்றன. பயிர்க்கடன் தொகையில் ஒரு பகுதியை உயிர் உரத்துக்கு ஒதுக்கலாமா என்று எண்ணுவோர் முதலில் பார்க்க வேண்டியவை இவ்விரு எண்களே என்பது நம் கருத்து.

வளமான மண் ஒரு கிராமில் சுமார் நூறு கோடி பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். இலைச்சருகை மக்கச் செய்பவை, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்ற வடிவில் மாற்றுபவை, பாறைத்துகளில் சிக்கிய மணிச்சத்தைக் கரைப்பவை என அவற்றின் தொழில்கள் பல. புதுமழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான பொருளையும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் பாக்டீரியாக்கள் உண்டாக்குகின்றன. அதே இனத்தைச் சேர்ந்த ஒன்றிலிருந்துதான் 1943-இல் காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் பிரித்தெடுக்கப்பட்டது.

எந்த மண்ணில் எந்தக் குடிகள் வாழும் என்பதைத் தீர்மானிப்பது எது? வெப்பமும் மழையுமே என்று எண்ணத் தோன்றும். நோவா ஃபியரர், ராபர்ட் ஜாக்சன் ஆகிய இருவரும் வட, தென் அமெரிக்கக் கண்டங்களின் 98 மண் மாதிரிகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. பாக்டீரியாக்களின் பன்மையை மிகுதியும் ஒட்டிச் சென்றது பி.எச். எனப்படும் கார அமில நிலையே. நடுநிலை மண்ணில் பன்மை மிகுந்திருந்தது. அமில மண்ணில் குறைந்திருந்தது. மரமும் விலங்கும் செழித்த பெருவின் அமேசான் காட்டு மண், அந்த ஆய்வில் பாக்டீரியாப் பன்மை மிகக் குறைந்ததாய் அமைந்தது. மேலே காண்பதைக் கொண்டு கீழே உள்ளதைக் கணிக்க இயலாது போலும்.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் உள்ள ஒரு வயல் இதனை இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குச் சுண்ணாம்பு சீரின்றி இடப்பட்டதால், வயலின் ஒரு முனையில் பி.எச். 4 அளவிலும் மறுமுனையில் 8-க்கு மேலும் உள்ளது. வானிலை ஒன்றே, பயிரும் ஒன்றே. எனினும் 4-லிருந்து 8-க்குச் செல்கையில் பாக்டீரியாப் பன்மை ஏறத்தாழ இரட்டிப்பாவதை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. மண் 5.5-க்குக் கீழே புளிக்கும்போது அலுமினியம் கரைந்து நச்சாகிறது. பயறுகளின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் முதலியவை நலிகின்றன.

புளிப்புக்கு எதிர்முனையில் நிற்பவை நம் நாட்டின் களர் நிலங்கள். இவற்றின் பரப்பு சுமார் 37.7 லட்சம் ஹெக்டேர். கங்கைச் சமவெளியில் இவை மிகுதி. சோடியம் மிகுந்து களிமண் துகள்கள் பிரிந்து அடைத்துக்கொள்வதால் நீரும் காற்றும் இறங்குவதில்லை. பாக்டீரியாக்களுக்கும் அங்கு வாழ்விடம் சுருங்குகிறது. ஹரியானாவின் கர்னாலில் 1969-இல் நிறுவப்பட்ட மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை எளியது: ஜிப்சம் இட்டு, நீர் தேக்கிச் சோடியத்தை வடித்து, முதலில் நெல் பயிரிடுதல், இடையே தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கி உழுதல். நிலத்தைச் சீராக்கினால் உயிர்கள் தாமாகவே குடியேறுகின்றன.

நிலத்தை நாம் பயன்படுத்தும் விதமும் இக்குடிகளை மாற்றுகிறது. பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல்லும் கோதுமையும் மாறி மாறி வருகின்றன. கோதுமைக் காலத்தில் காற்றோட்டமான மண்ணில் சில பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்குகின்றன. நெல்லுக்கு நீர் தேங்கியதும் வேறு சில பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை வாயுவாக்கிப் பறக்கவிடுகின்றன. விலை கொடுத்து வாங்கிய தழைச்சத்தின் ஒரு பகுதி இவ்வாறு இழப்பாகிறது. அம்மோனியம் நைட்ரேட்டாகும்போது அமிலமும் பிறக்கிறது. ஆகவே அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்களைச் சுண்ணாம்பின்றித் தொடர்ந்து இட்டால், பாக்டீரியாக்களே தம் வீட்டைப் புளிக்கச் செய்துவிடும்.

காடு விளைநிலமாவதைப் பற்றிய ஒரு செய்தி நம்மை மிகவும் சிந்திக்க வைக்கிறது. பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தில் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடங்களைப் பற்றிய ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. ஓரிடத்து மண்ணை மட்டும் நோக்கினால் மேய்ச்சல் நிலத்தில் பாக்டீரியா வகைகள் கூடியிருந்தன! எரித்த காட்டின் சாம்பல் அமிலத்தைக் குறைப்பது நினைவில் கொள்ளத்தக்கது. ஆனால் பல இடங்களை ஒப்பிட்டபோது எல்லா மேய்ச்சல் நிலங்களும் ஒரே சாயலில் இருந்தன. காட்டில் இடத்துக்கு இடம் வேறுபட்டிருந்த அரிய வகைகள் மறைந்துவிட்டன. ஒரு பிடி மண்ணின் கணக்கு மட்டும் பார்ப்பவர் இந்த இழப்பை அறியமாட்டார்.

இனி உயிர் உரத்துக்கு வருவோம். தூள் வடிவ ரைசோபியம் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் விதி. அதன்படி 200 கிராம் பொட்டலத்தில் 1,000 கோடி இருக்கும். பெரிய எண்தான், ஆனால் வளமான மண்ணில் பத்து கிராமிலேயே அவ்வளவு பாக்டீரியாக்கள் உள்ளன. எனவே வயல் முழுதும் தூவுவதைவிட, விதையில் பூசி வேரருகே சேர்ப்பதே அறிவுடைமை. ஒரு பயறு வகை அந்த நிலத்துக்குப் புதிதாய் வந்து, அதற்குரிய துணைப் பாக்டீரியா மண்ணில் இல்லாதபோது பலன் மிகத் தெளிவாய்த் தெரியும். புளித்த மண்ணிலும் அங்ககக் கரிமம் அற்ற மண்ணிலும் அப்பொட்டலத்துக்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் வீணே. கரிமம் 0.5 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பின் அது குறைவு என்று கொள்ளப்படுகிறது. அந்நிலையில் தொழு உரமும் பசுந்தாள் உரமும் முதலில் வரவேண்டிய செலவுகள். அமில மண்ணுக்குச் சுண்ணாம்பும், களர் மண்ணுக்கு ஜிப்சமும் பரிந்துரைத்த அளவில் இடலாம்.

அட்டையின் எண்கள் நம்பத்தக்கனவாக இருக்க மாதிரி சரியாக எடுக்கப்பட வேண்டும். பயிரில்லாத காலத்தில், மேற்புல்லை நீக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டி, அதன் பக்கத்தைச் சுரண்டி மண் எடுக்கவும். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். பல இடங்களின் மண்ணைக் கலந்து அரைக்கிலோ அளவுக்குக் குறைத்துக்கொள்க. ஒரே சர்வே எண்ணில் மாந்தோப்பும் நெல்வயலும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி மாதிரியே அனுப்புக. கலந்தால் வரும் சராசரி எந்த நிலத்துக்கும் பொருந்தாது.