காலநிலை மாதிரியின் உள்ளீட்டுத் தரவில் தாவல்

காலநிலை மாதிரி தானாகக் கணக்கிடாத சிலவற்றை வெளியிலிருந்து ஊட்ட வேண்டும். சூரிய ஆற்றல், எரிமலைத் துகள்கள், பசுங்குடில் வளிமங்கள், காட்டுத்தீப் புகை போன்றவற்றின் அளவுகள் காலவாரியாக அதற்குத் தரப்படுகின்றன. இவை புறத்தூண்டல் தரவு எனப்படும். இத்தரவின் போக்கு எதிர்பாராமல் சட்டென மாறுவதே தாவல்.

எல்லாத் தாவலும் பிழையல்ல. 1991 சூன் மாதம் பிலிப்பைன்சில் பினடுபோ எரிமலை வெடித்ததும் வளிமண்டலத் துகள் அளவு செங்குத்தாக ஏறியது. உலக வெப்பநிலை ஏறத்தாழ 0.5 பாகை செல்சியசு குறைந்தது. எனவே அந்த ஆண்டில் உலகில் ஏதேனும் நடந்ததா, அல்லது தரவு தொகுத்த முறை மாறியதா என்பதே முதற்கேள்வி. அலகு மாறியிருத்தல், லீப் நாள் இல்லாத 365 நாள் நாட்காட்டியோடு பொருந்தாமை, ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் ஆகியவற்றை வரைபடம் வரைந்தாலே பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

1997ஆம் ஆண்டுத் தையல்

வரைபடத்திலும் எளிதில் சிக்காத ஒன்று சி.எம்.ஐ.பி.6 என்னும் பன்னாட்டு மாதிரி ஒப்பீட்டுத் திட்டத்தின் காட்டுத்தீத் தரவில் இருந்தது. 1997 முதல் அத்தரவு செயற்கைக்கோள் பதிவுகளைச் சார்ந்தது. அதற்கு முந்தைய காலத்துக்கு மறைமுகச் சான்றுகளும் தீ மாதிரிகளும் பயன்பட்டன. ஆகவே அப்பகுதி பெரிதும் சமமாக ஓடுகிறது. 1997க்குப் பின் ஓர் ஆண்டு மிகுதி, மறு ஆண்டு குறைவு என ஏற்ற இறக்கம் பெருகியது. சராசரியில் பெரிய தாவல் இல்லை. இரு வகுப்புகளின் சராசரி மதிப்பெண் 50ஆக இருக்கலாம். ஒன்றில் எல்லாரும் 45க்கும் 55க்கும் இடையில், மற்றதில் 20ம் 80ம். சராசரியை மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு வேறுபாடு தெரியாது.

மாதிரிக்குத் தெரிந்தது. புகைத் துகள்கள் மேகத் துளிகளைப் பெருக்கி மேகத்தை வெண்மையாக்கும். ஆனால் புகை ஏற ஏற அந்த விளைவு தேய்ந்துகொண்டே போகும். எனவே புகை மிகுந்த ஆண்டில் கிடைக்கும் கூடுதல் குளிர்ச்சி சிறிது. புகை குறைந்த ஆண்டில் இழப்பது பெரிது. நிகர விளைவாக வடக்கு உயர் அகலாங்குகளில் கூடுதல் வெயில் தரையை எட்டியது. சி.இ.எஸ்.எம்.2 மாதிரியில் இதனால் போலி வெப்பமேற்றம் தோன்றியது. ஆர்க்டிக் கடற்பனியும் கூடுதல் வேகத்தில் குறைந்தது.

கண்டறிந்த முறை

அம்மாதிரியின் 100 ஓட்டங்களில் 50 மூலத் தரவுடனும், 50 அதே தரவை 1990 முதல் 2020 வரை 11 ஆண்டு நகரும் சராசரியால் சமப்படுத்தியும் நடத்தப்பட்டன. மற்ற உள்ளீடுகளை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றும் இந்த இரட்டை ஓட்டமே, ஐயத்தை உறுதிசெய்யச் சிறந்த வழி. ஆண்டுக்கு ஆண்டு வேறுபாட்டின் திட்ட விலக்கத்தை, உலகம் முழுமைக்குமாக அன்றி அகலாங்கு வாரியாகக் கணக்கிட்டிருந்தால் தையல் முன்பே தெரிந்திருக்கும் என்பது என் கருத்து.

இதைக் கொண்டு புவி வெப்பமடைதலே பொய் என்று வாதிடுவது தவறு. உண்மை வெப்பமேற்றம் வெப்பமானிகளில் பதிவானது. இங்குக் கோளாறு ஒரு மாதிரி ஓட்டத்தின் உள்ளீட்டில். 1997க்குப் பிந்தைய ஏற்ற இறக்கமும் பொய்யன்று, தீ உண்மையிலேயே ஆண்டுதோறும் மாறுவதுதான். குறை, முந்தைய பகுதியின் செயற்கையான அமைதியில் இருந்தது. சமப்படுத்திய தரவு இரு பகுதிகளையும் ஒத்துப்போகச் செய்கிறது. ஆனால் அதற்காக, செயற்கைக்கோள் உண்மையில் கண்ட தீயாண்டுகளை மங்கலாக்கிவிடுகிறது.